விவசாயி முறை

விவசாயி என்றால் யார் என்பது, டாக்டர் உமாகாந்த் வந்து சொல்லும்வரை எங்கள் ஹிரேதொணியில் ஒருவருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாகத் துவரை விதைத்தோம், அறுத்தோம், மூட்டை கட்டி ஆலந்த் சந்தைக்கு ஏற்றினோம். அந்தத் தைரியத்தில் எங்களையும் விவசாயிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் உமாகாந்த், கலபுரகி ரோட்டில் இருக்கிற பருப்புப் பயிர் வயலாய்வு மையத்தின் தலைவர். மைசூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் வெயில் அவருக்கு ஆகாது. மையத்துக்குப் பெரிய கேட்டு உண்டு, கேட்டுக்கு உள்ளே ரோஜாத் தோட்டம் உண்டு. துவரையை ஆராய்கிற இடத்தில் ரோஜா எதற்கு என்று ஒருமுறை வாட்ச்மேனிடம் கேட்டேன். துவரை வைத்தால் புழு வரும், பெரிய மனிதர்கள் வந்துபோகிற இடத்தில் அசிங்கம் என்றான்.

முதல் மழை விழுந்த வாரம் மையத்தின் ஜீப் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றது. டாக்டர் வகுப்பறையில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். வாடல் நோயைத் தாங்குகிற புதுத் துவரை ரகம் ஒன்றை மையம் கண்டுபிடித்திருக்கிறது, அதை உழவர் நிலத்திலேயே சோதிக்கப் போகிறோம் என்றார். கைதட்டினோம். வாடல் நோய் எங்களுக்குப் புதிதில்லை. முந்தைய இரண்டு வருடமும் பூ விடுகிற சமயத்தில் செடிகள் நின்ற நிலையிலேயே காய்ந்துபோய், ஊரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு புனேவுக்குச் செங்கல் சுமக்கப் போய்விட்டார்கள்.

ஒரு ஏக்கரில் புது ரகத்தை மையத்தின் முறைப்படி போடுவது, பக்கத்திலேயே மூன்று ஏக்கரில் பழைய ரகத்தை விவசாயியின் முறைப்படி போடுவது, இதுதான் சோதனை. மூன்று ஏக்கர் எதற்கு என்று யாரோ கேட்டார்கள்.

"சும்மா நல்லா விளைஞ்சுதுன்னு சொன்னா டெல்லியில ஒத்துக்குவாங்களா?" என்றார் டாக்டர். "எதைவிட நல்லா விளைஞ்சுதுன்னு கேப்பாங்க. அந்த 'எதைவிட' இருக்கே, அதுதான் நீங்க. நீங்க இல்லாம விஞ்ஞானமே இல்லை."

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. நிலம் ரோட்டோரம் இருக்க வேண்டும், பெரிய பலகையில் விவசாயியின் பெயர் எழுதி நடுவோம் என்று அவர் சொன்னதும் மடிவாளப்பா எழுந்துவிட்டான். அவன் நிலம் ரோட்டோரம்தான், எனக்குப் பக்கத்து நிலம். நல்ல உழைப்பாளி, யார் எது சொன்னாலும் நம்புகிறவன். அதுவரை அவன் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் ரேஷன் கார்டு. அவனுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்து, தலையில் டாக்டரே வைத்தும் விட்டார். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று ஏக்கரில் விவசாயி முறையை மீறினால் சோதனை கெட்டுவிடும், கெட்டால் அந்த ஒரு ஏக்கர் விளைச்சல் முழுவதையும் மையமே விதைக்கு எடுத்துக்கொள்ளும். மடிவாளப்பா சிரித்தான். விவசாயி முறையை விவசாயி எப்படி மீறுவான்?

அன்று மாலை அவன் மனைவி ஜகதேவி எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். கோபத்தில் இருந்தாள். இரண்டு வருடமும் சங்கராந்தி முடிந்த கையோடு புனே போனவர்கள் அவர்கள். தகரக் கொட்டகையில் படுத்து, கலவைச் சட்டி தூக்கி, கோடை மழை வந்த பிறகு திரும்பி வந்தவர்கள். மகள் சிவலீலாவையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பரீட்சைக்கு இல்லாத பிள்ளையை எப்படித் தேர்ச்சி போடுவது என்று வாத்தியார் அவளை இரண்டு முறையும் ஏழாம் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார். இப்போது மூன்றாவது முறையாக ஏழாம் வகுப்பு. பெஞ்சிலேயே உயரமான பெண் அவள்தான்.

"பண்டண்ணா, இந்தத் தடவை என் தலையே போனாலும் புனே போறதா இல்லை," என்று என்னிடம் சொன்னாள் ஜகதேவி. "அந்தப் பொண்ணு ஏழாவது பாஸ் பண்ணணும். இவரு தொப்பி போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கிறாரு. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

நானும் சொன்னேன். ஆனால் பலகை அதற்குள் நட்டாயிற்று. பலகைக்கு முன்னால் நிற்கிற மனிதனிடம் எதைச் சொல்ல முடியும்?

விதைப்பெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மையத்தின் ஏக்கரில் கயிறு கட்டி, அளந்து, விதைக்கு மருந்து தடவி விதைத்தார்கள். மூன்று ஏக்கரில் மடிவாளப்பா தன் வழக்கப்படி விதைத்தான். மையத்தின் சார்பில் வயலைப் பார்த்துக்கொள்ள விட்டல்ராவ் என்ற கள அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்துபோனார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு. பாவம், நல்ல மனிதர். ஜகதேவி சோள மாவில் தட்டிக் கொடுக்கிற ஜோள ரொட்டியையும் கடலைச் சட்னியையும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

செடி இடுப்பளவு வந்ததும் நாங்கள் எல்லாரும் நுனி கிள்ளினோம். கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடிக்கும், பூ கூடும். மடிவாளப்பாவும் மூன்று ஏக்கரில் இறங்கிக் கிள்ள ஆரம்பித்தான். விட்டல்ராவ் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கிள்ளக் கூடாது, கிள்ளக் கூடாது. கிள்றது மையத்தோட தொழில்நுட்பம்."

"நாங்க வருஷா வருஷம் கிள்றதுதானே சாஹேப்."

"நீங்க கிள்ளலாம். விவசாயி கிள்ள மாட்டான்."

மடிவாளப்பா சுற்றிலும் பார்த்தான். என் வயலில் நான் கிள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்பால் என் தம்பி கிள்ளிக்கொண்டிருந்தான். "அப்ப நான் யாரு சாஹேப்?" என்று கேட்டான்.

விட்டல்ராவ் பொறுமையாக விளக்கினார். விவசாயி முறை என்பது ஆளாளுக்கு இஷ்டப்படி செய்கிற காரியம் இல்லை. அதை டெல்லியில் பெரியவர்கள் கூடி, பல வருடங்களுக்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். விவசாயி விதைப்பான், காத்திருப்பான், வருந்துவான். இந்த மூன்றும்தான் விவசாயி முறை. நாடு முழுக்க எந்தப் பருப்புப் பயிருக்கும் இதே முறைதான். அதில் கிள்ளுதல் இல்லை. காலத்தில் களையெடுப்பதும் இல்லை. களை முழங்கால் அளவு வந்த பிறகு ஒருமுறை பார்க்கலாம்.

மடிவாளப்பா அன்றிலிருந்து விவசாயியாக இருக்கப் பழகினான். சுலபமாக இல்லை. காலையில் எழுந்ததும் கால் தானாக வயலுக்குப் போகும், குனிந்து நாலு களையைப் பிடுங்கப் போவான், சட்டென்று ஞாபகம் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். வழியே போகிற பெண்கள் சும்மா விடுவார்களா. மடிவாளண்ணா கல்யாணத்துக்கு நிக்கிற மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாரு, யாராவது தாலி எடுத்துக் கொடுங்க என்று கத்திவிட்டுப் போனார்கள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இது ஆராய்ச்சி என்றான்.

பூ எடுக்கிற சமயத்தில் டெல்லியிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. மடிவாளப்பா கடையில் எடுத்த புதுச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, மையத்தின் ஏக்கருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றான். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனை மூன்று ஏக்கர் பக்கம் அனுப்பி, சட்டையைக் கழற்றச் சொல்லி, தோளில் ஒரு துண்டை மட்டும் போடச் சொன்னார். போட்டோக்காரன் சிரிக்காதீங்க என்றான். மடிவாளப்பாவுக்குக் கேமராவைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். கடைசியில் விட்டல்ராவ் அவன் காதோடு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செடி காய்ஞ்சுதே அத நினைச்சுக்குங்க என்றார். அதன் பிறகு எடுத்த படம் பிரமாதமாக வந்தது என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் படம் இப்போது மையத்தின் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. நான் பார்த்தேன். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கக் கூடிய சங்கதிகள். அதற்குப் பிறகு புழு இறங்கியது.

பூவும் பிஞ்சுமாக இருக்கிற துவரையில் பச்சைப் புழு இறங்கினால் எங்கள் ஊரில் ஒரு வாரத்துக்கு யாரும் வேறு வேலை பார்ப்பதில்லை. பெண்கள் பழைய சேலையை வரிசைக்கு நடுவில் விரித்து இழுத்துக்கொண்டு போவார்கள், ஆண்கள் இரண்டு பக்கமும் செடியைப் பிடித்து உலுக்குவார்கள். புழு பொலபொலவென்று சேலையில் விழும். வரப்பில் கொண்டுபோய் உதறினால் கோழிகள் பார்த்துக்கொள்ளும். புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் அந்த வாரம் வயலில்தான். ஆத்தா பேச்சைக் கேட்டு என்னை உலுக்குற உலுக்கல்ல பாதியாவது செடியை உலுக்கு என்று ஒருத்தி சொன்னால் நாலு வயலுக்குக் கேட்கும். மருந்தடிக்கிறவர்களும் உலுக்கிவிட்டுத்தான் அடிப்பார்கள்.

ஜகதேவி இரண்டு சேலையோடு வந்தாள். மடிவாளப்பா முதல் செடியைப் பிடித்தான். விட்டல்ராவ் அவன் கையைப் பிடித்தார்.

இதை அவர் சந்தோஷமாகச் செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய முகம் செத்திருந்தது. உலுக்குவது விவசாயி முறையில் இல்லை, மையத்தின் முறையிலும் இல்லை, எதிலுமே இல்லை, டாக்டரைக் கேட்காமல் செய்தால் தன் ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்கள் என்றார். பக்கத்து ஏக்கரில் மையத்தின் ஆட்கள் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஏக்கரில் புழு தின்கிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

மடிவாளப்பாவையும் ஜகதேவியையும் என் டெம்போவில் ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனேன். எனக்கும் சொந்தக் கவலை இருந்தது. மூன்று ஏக்கரில் கொழுக்கிற புழு வரப்பு பார்த்து நிற்காது. ரோஜாத் தோட்டத்துக்கு எதிரே வெகுநேரம் நின்ற பிறகு டாக்டர் கூப்பிட்டார். குளிர்சாதன அறை. எங்களை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

மடிவாளப்பா விஷயத்தைச் சொன்னான். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"குலுக்கறதுங்கிறது இன்னும் விஞ்ஞானத்துக்கு வந்து சேரலை," என்றார்.

"ஊர்ல எல்லாரும் குலுக்கறாங்க சாஹேப். சுத்துப்பட்டு எல்லா ஊர்லயும் குலுக்கறாங்க."

"ஊர்ல நடக்கலாம். வயலாய்வுல நடக்கலை. முதல்ல ஒரு திட்டம் எழுதணும், மேலிடத்துல ஒத்துக்கணும், அப்புறம் மூணு வருஷம் சோதிக்கணும். குலுக்குன வயல் ஒண்ணு, குலுக்காத வயல் ஒண்ணு." சற்று யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். "குலுக்காத வயலுக்கு உங்க பேரையே நான் சிபாரிசு பண்றேன். இந்த வருஷ அனுபவம் இருக்கே உங்களுக்கு."

மடிவாளப்பா நன்றி சொன்னான். அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம்போல் இருந்தது எனக்கு. நான் குறுக்கிட்டு, சாஹேப், மூணு ஏக்கர் மொத்தமா போயிடும், சோறே அதுதான் என்றேன். டாக்டர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்க வயலைப் பாக்கறீங்க. நான் வித்தியாசத்தைப் பாக்கறேன். இவரு வயல் நல்லா விளைஞ்சா எங்க ரகத்துக்கு என்ன மரியாதை? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குன்னு டெல்லியில கேட்டா நான் எங்க போய் முகத்தை வச்சுக்குவேன்? இவரு வயல்ல போற ஒவ்வொரு காயும் எங்க ரகத்தை ஒரு படி மேல ஏத்துது. ஒரு விவசாயியால நாட்டுக்கு இதைவிடப் பெரிய சேவை செய்ய முடியுமா, சொல்லுங்க."

அவர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார், கண் கூட லேசாகக் கலங்கியிருந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம்.

புழு என் வயலுக்கும் வரும் என்றேன். அது சோதனைக்கு வெளியே இருக்கிற இடைப்பகுதி, அதைப் பற்றி மையம் கவலைப்படத் தேவையில்லை என்றார்.

"அப்ப நான் என்னதான் செய்யறது சாஹேப்?" என்றான் மடிவாளப்பா.

"வருத்தப்படலாம். அதுக்கு முழு அனுமதி இருக்கு."

திரும்பி வரும்போது டெம்போவில் ஜகதேவி, அந்த ஒரு ஏக்கர் போனால் போகட்டும், மூன்று ஏக்கரைக் காப்பாற்றுவோம் என்று சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், உன் தொப்பியை அடுப்பில் போடுகிறேன் என்றாள். மடிவாளப்பா வேறு கணக்கு போட்டிருந்தான். மருந்தடிக்கிற ஏக்கர் எப்படியும் விளைந்துவிடும், அது கைக்கு வந்தால் வருடத்தை ஓட்டிவிடலாம், சாஹேபுகளைப் பகைத்துக்கொண்டு அதையும் இழக்க முடியாது. அவன் கணக்கில் ஒரே பிழை. பக்கத்திலேயே மூன்று ஏக்கரில் புழுவை வளர்த்துக்கொண்டு ஒரு ஏக்கரை மருந்தால் காப்பாற்ற முடியாது. மையத்தின் ஆட்கள் வாரம் ஒருமுறை அடித்தார்கள், பிறகு வாரம் இருமுறை அடித்தார்கள். புழு பகலில் அங்கே செத்தது, மறுநாள் இங்கிருந்து புதிதாகப் போனது.

நானும் என் தம்பியும் ஊர்க்காரர்களும் என் வயலை மூன்று முறை உலுக்கினோம். மடிவாளப்பாவும் ஜகதேவியும் கூலியில்லாமல் எனக்கு உலுக்க வந்தார்கள். தன் வயலில் உலுக்கத் தடை, என் வயலில் உலுக்கத் தடை இல்லை. ஜகதேவி என் வயலில் சேலையை உதறும்போதெல்லாம் வரப்புக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் உதறினாள். விட்டல்ராவ் வரப்பில் குடை பிடித்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், காவலுக்கு. ஜகதேவி ரொட்டி கொண்டுவந்து கொடுப்பதை நிறுத்தவில்லை. அவர்தான் இரண்டு நாளாகச் சாப்பிட முடியாமல் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

எள் அமாவாசை வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கம் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். கீரையும் பச்சைப் பயறும் துவரையும் சேர்த்துக் கடைந்த பஜ்ஜி, கம்பு ரொட்டி, ஹோளிகை என்கிற போளி எல்லாவற்றையும் வண்டி கட்டி வயலுக்கு எடுத்துப்போய், பூமிக்குப் படைத்து, ஒரு கை எடுத்துப் பயிருக்குள் இறைத்துக்கொண்டே வயலைச் சுற்றி வந்த பிறகுதான் உட்கார்ந்து சாப்பிடுவோம். பயிரை வெளியாருக்குக் காட்டுகிற வயல் விழாவை மையம் அன்றைக்கே வைத்துக்கொண்டது. ஊரே சமைத்துக்கொண்டு வரும், மையத்துக்குப் பந்திச் செலவு மிச்சம்.

பந்தல், மைக், நாற்காலிகள். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மையத்தின் ஏக்கர் அப்படி ஒன்றும் பார்க்கும்படி இல்லை, காயில் பாதி ஓட்டை. ஆனால் அதிலிருந்து தலையைத் திருப்பி மூன்று ஏக்கரைப் பார்த்தவர்கள் மறுபடி ஒரு ஏக்கரைப் பார்த்தபோது கை தானாகத் தட்டியது. மூன்று ஏக்கரில் செடி இருந்தது, இலை இருந்தது, காய் என்று தொங்கியதைக் கையில் எடுத்தால் வெறும் தோல். பெரிய அதிகாரி அதற்குள் பத்தடி நடந்து போய், அற்புதம் என்றார். இந்த அளவு தெளிவான வித்தியாசத்தைத் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார்.

டாக்டர் பேசினார். புது ரகம் விவசாயி முறையைக் காட்டிலும் ஆறு மடங்கு விளையும் என்று மையம் மதிப்பிட்டிருப்பதாகச் சொன்னார். இந்த வெற்றியில் மையத்தின் பங்கு பாதிதான், மீதிப் பாதி மடிவாளப்பாவின் பங்கு, அவர் மட்டும் சற்றே சுயநலத்தோடு நடந்துகொண்டு தம் வயலைக் காப்பாற்றியிருந்தால் இன்று நாம் இங்கே கூடியிருக்க முடியாது என்றார். மடிவாளப்பாவை மேடைக்கு அழைத்து சால்வை போர்த்தினார்கள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். நிமிரும்போது அவன் பார்வை சால்வைக்கு மேலாக வயலுக்குப் போயிற்று, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. சால்வை போட்டவர் கீழே இறங்கச் சொல்லி முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

ஜகதேவி தலையில் சாப்பாட்டுக் கூடையோடு மூன்று ஏக்கருக்குள் இறங்கப் போனாள், பயிருக்கு இறைக்க. டாக்டரின் உதவியாளர் ஒருவர் தடுத்தார். அறுவடை இன்னும் ஆகவில்லை, எடை போடும்வரை வெளியிலிருந்து எந்தச் சத்தும் விவசாயி முறை வயலில் விழக் கூடாது, வேண்டுமானால் மையத்தின் ஏக்கரில் இறைக்கட்டும், படம் எடுத்துக்கொள்கிறோம் என்றார். அவள் இறைக்காத கூடையை இறக்கி, பந்தியில் உட்கார்ந்திருந்த டாக்டருக்கும் பெரிய அதிகாரிக்கும் பரிமாற ஆரம்பித்தாள். ரொட்டி வைத்தாள், பஜ்ஜி ஊற்றினாள். பிறகு தட்டுக்கு எதிரே நின்று கேட்டாள்.

"சாஹேப், நாங்க நல்லா வருந்தினோமா?"

விட்டல்ராவ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் உமாகாந்த் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். மிக நல்ல கேள்வி என்பதுபோல் தலையசைத்தார். "ரொம்ப நல்லா வருந்தினீங்க அம்மா," என்றார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் செஞ்சதில்லை."

ஜகதேவி அவர் தட்டில் இன்னொரு ஹோளிகை வைத்து, அதன்மேல் நெய்யும் ஊற்றினாள். வயலுக்கு வந்தவர்களை எங்கள் பக்கம் அரை வயிற்றோடு அனுப்புவதில்லை.

அறுத்து அடித்தபோது மூன்று ஏக்கரும் சேர்ந்து ஒரு மூட்டை. மையத்தின் ஏக்கரில் இரண்டு மூட்டை, அதிலும் ஒரு கோணி மாதிரிக்கு என்று எடுத்துப்போனார்கள். புழு மேய்ந்த பிறகும் என் வயலில் ஏக்கருக்கு நான்கு மூட்டை வந்தது. அதை யாரும் எதனோடும் ஒப்பிடவில்லை, நான் ஆராய்ச்சியில் இல்லை. இரண்டு மூட்டை எடுத்துக்கொள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதே என்று மடிவாளப்பாவிடம் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான், வாங்கவில்லை. இரண்டு மூட்டையில் வருடம் ஓடாது என்பது எனக்கும் தெரியும்.

சங்கராந்திக்கு மறுநாள் ஊர் முச்சந்தியில் புனே வண்டி வந்து நின்றது. ஆள் சேர்க்கிற முகாதம் கீழே இறங்கி நின்று ஒவ்வொரு குடும்பமாக ஏற்றிக்கொண்டிருந்தான். மடிவாளப்பா பாத்திர மூட்டையை வண்டியின் மேலே கட்டினான். ஜகதேவி கோழிகளை என் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இந்த முறை அவள் கோபப்படவில்லை, கணவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சிவலீலா பள்ளிச் சீருடையின் மேல்சட்டையைத்தான் போட்டிருந்தாள், அவளிடம் இருந்ததில் கிழியாதது அது ஒன்றுதான்.

விட்டல்ராவ் மோட்டார் சைக்கிளில் வந்தார். வழியனுப்பத்தான் வந்தார் என்று நினைக்கிறேன், ஆனால் வாயில் வந்தது வேறு. ரகத்தை வெளியிடலாம் என்று மேலிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், டாக்டர் டெல்லி போயிருக்கிறார், அடுத்த வருடமும் இதே வயல்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், விதைப்புக்குள் வந்துவிடுவீர்கள் இல்லையா என்றார். மடிவாளப்பா வந்துவிடுகிறோம் சாஹேப் என்றான். வேறு எங்கே போவான், நிலம் இங்கேதானே இருக்கிறது.

விட்டல்ராவ் சிவலீலாவின் தலையில் கை வைத்தார்.

"நல்லா படிம்மா. படிச்சு டாக்டர் சார் மாதிரி பெரிய விஞ்ஞானியா வரணும்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறக் காலை வைத்தாள். முகாதம் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். போன முறை அவளைக் கணக்கிலேயே சேர்க்காமல் கூட்டிப்போனவன் அவன்தான், கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள.

"மடிவாளப்பா வீட்டுல மூணு ஆள்," என்று டிரைவரிடம் சொன்னான்.

"ரெண்டு," என்றாள் ஜகதேவி. "ரெண்டு ஆள்தான்."

"வளந்துட்டாளே அக்கா. சட்டி தூக்குவா," என்றான் முகாதம். பிறகு அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டான்.